‘அம்மா’ எழுத முடியாத எழுத்துப் பெட்டி: தமிழ் எழுத்து பழக்கும் பொருட்கள், ஒரு மதிப்பீடு

மூன்றரை, நான்கு வயதுக் குழந்தைக்குத் தமிழ் எழுத்து பழக்க இப்போது கடைகளில் ஏழெட்டு வகைப் பொருட்கள் கிடைக்கின்றன. எழுத்து குடைந்த மரப்பலகை, காந்த எழுத்துப் பெட்டி, படம் போட்ட அட்டைகள், சுவரில் மாட்டும் சார்ட், மை மறையும் பேனாவோடு வரும் குழிவுப் புத்தகம், சிலேட்டு, எல்சிடி பலகை, கைபேசிச் செயலி. ஒரே மாதிரிப் பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால், கம்பெனி கம்பெனியாகப் பார்ப்பதைவிட வகை வகையாகப் பார்ப்பதுதான் வாங்குபவருக்குப் பயன்படும்.

எந்தப் பொருளானாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதை வைத்திருக்கும்போது குழந்தை எழுத்தின் வடிவத்தை உற்றுப் பார்க்கிறதா? அந்த எழுத்தின் ஒலி அதன் காதில் விழுகிறதா? இரண்டு மூன்று எழுத்தைச் சேர்த்து ஒரு சொல்லை ஆக்க முடிகிறதா? பெட்டியின் மேல் ‘247 எழுத்துகளும் உள்ளே’ என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் எதையும் வாங்காதீர்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் 247 வடிவத்தைத் தனித்தனியாக மனப்பாடம் செய்து எந்தக் குழந்தையும் வாசிக்கக் கற்பதில்லை. முப்பது சொச்சம் அடிப்படை வடிவங்கள், ஒரு கைப்பிடிக் குறிகள், அவை சேரும் விதம் பிடிபட்டால் மீதி தானாக வரும். முரண்டு பிடிப்பவை பெரும்பாலும் உகர, ஊகார எழுத்துகள்தான். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்து குடைந்த மரப்பலகை

பரிசாகக் கொடுக்க அதிகம் பேர் வாங்குவது இதைத்தான். ஒரு பக்கம் உயிரெழுத்து, மறுபக்கம் மெய்யெழுத்து, கூடவே ஒரு மரக்குச்சி. பார்க்க அழகு, உறுதி, திரையில்லை. ஆனாலும் வாங்குமுன் நான்கைந்து விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலில் அளவு. ஏ4 தாள் அகலப் பலகையில் 18 எழுத்தை அடைத்தால் ஓர் எழுத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் தான் கிடைக்கும். நான்கு வயதுக் குழந்தை எழுத்தைத் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் போடுகிறது, விரல் நுனியிலிருந்து அல்ல. அதற்கு எழுத்து குறைந்தது எட்டு, பத்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆகவே எல்லா எழுத்தும் ஒரே பலகையில் உள்ளதைவிட, ஒரு பலகைக்கு நான்கு அல்லது ஆறு எழுத்து என்று பிரித்துச் செய்த செட் மேல்.

அடுத்தது குழியின் வாய். விரல் உள்ளே இறங்கி ஓட வேண்டுமானால் குழி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம், அடிப்பக்கம் வளைவாக இருக்க வேண்டும். பல பலகைகளில் குழி கூம்பாக, ‘வி’ போலக் குடையப்பட்டிருக்கும். அதில் குச்சி மட்டும்தான் போகும், விரல் போகாது. விரலால் தடவுவதுதான் இந்தப் பொருளின் முழுப் பயன் என்பதால் ‘வி’ குழி வேண்டாம்.

மூன்றாவது, ‘ண’வைத் தேடிப் பாருங்கள். மூன்று சுழி ‘ண’தான் பலகையின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். எம்டிஎஃப் எனப்படும் மரத்தூள் பலகையில் சின்ன அளவில் ‘ண’ குடைந்தால், சுழிக்கும் சுழிக்கும் நடுவே நிற்கும் மரம் தீக்குச்சி அளவுக்கு மெலிந்துவிடும். குச்சியை அழுத்தியதும் அது பெயர்ந்து வரும். பெயர்ந்தபின் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் இருக்காது. குழியின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகத் தட்டுப்பட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஈரத்துணியால் துடைத்தால் அந்த இடம் ஊதிக்கொள்ளும். வேப்பமரம், ரப்பர் மரத்தில் செய்தது எடை கூடுதல், விலையும் கூடுதல், ஆனால் தாங்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு குறை எல்லாப் பலகைக்கும் பொது. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது என்று குழி சொல்லாது. ‘ட’வை மேலிருந்து கீழே இறக்கி வலப்பக்கம் இழுக்க வேண்டும். குழந்தை வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் வந்து மேலே ஏறினாலும் பலகை ஏற்றுக்கொள்ளும். ‘அ’, ‘இ’ போலக் கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் எழுத்துகளில் சந்திக்கு வந்ததும் விரல் தப்பான வழியில் திரும்பிவிடும். தொடக்கப் புள்ளியும் அம்புக்குறியும் அச்சிட்ட பலகையைத் தேடுங்கள். இல்லாவிட்டால் தொடங்கும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். தவறான திசை பழகிவிட்டால் வடிவம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றாம் வகுப்பில் வேகமாக எழுத வேண்டி வரும்போது எழுத்து உடையும்.

இன்னொன்று, குழிக்குள் விரல் ஓட்டும் குழந்தை எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கையைக் குழி இழுத்துக்கொண்டு போகும், கண் வேறெங்கோ இருக்கும். ஆகவே பலகையில் மூன்று முறை ஓட்டியதும் அதே எழுத்தை மணலிலோ சிலேட்டிலோ போடச் சொல்ல வேண்டும். அங்கே போட வந்தால்தான் கற்றது கணக்கு. பலகை மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்பவர்களுக்கு இது பாதிப் பொருள்.

மெய்யெழுத்துப் பக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்யைத் தனியாகச் சொல்ல வராது என்பதால் ‘இக், இங், இச், இஞ்’ என்று பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அதை அப்படியே பிடித்துக்கொள்ளும் குழந்தை ‘பட்டம்’ என்பதை ‘ப, இட், ட, இம்’ என்று வாசித்துவிட்டு, என்ன சொல் என்று தெரியாமல் நிற்கும். ‘ஆனா, ஆவன்னா’ என்று பெயர் சொல்லிப் பழக்கும்போதும் இதே சிக்கல்தான். பெயர் சொல்வது தவறில்லை, பாட்டி காலத்து அழகு அது. ஆனால் வாசிக்கும் நேரத்தில் ஒலி மட்டும் வர வேண்டும். மெய்யைப் பலகையில் தனியாகப் பழக்குவதைவிடச் சொல்லுக்குள் வைத்துப் பழக்குவது நல்லது. ‘பட, பட்ட’ என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தால் புள்ளி என்ன செய்கிறது என்பது குழந்தைக்கே கேட்டுவிடும்.

காந்த எழுத்துப் பெட்டி

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி விளையாடும் இந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் நன்றாக உதவும். 26 எழுத்தை வைத்து எதையும் எழுதலாம். தமிழுக்கு அதே கணக்கைப் போட்டுப் பெரும்பாலோர் 31 துண்டு செட் ஒன்று செய்து விற்கிறார்கள்: 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். இந்தப் பெட்டியைக் கொட்டி ‘அம்மா’ எழுதிப் பாருங்கள். முடியாது. ‘ம்’ இருக்கும், ‘ம’ இருக்காது, துணைக்காலும் இருக்காது. எழுத முடிவதெல்லாம் ஊர், ஆள், எள், ஏன் போன்ற சில சொற்கள் மட்டுமே. புள்ளி இல்லாத ‘க, ங, ச’ வரிசையாக இருந்தால் இதுவும் போச்சு. வாங்கி ஒரு வாரத்தில் பெட்டி மூலைக்குப் போவதற்குக் குழந்தையின் ஆர்வக்குறைவு காரணமில்லை. அதில் செய்ய ஒன்றுமில்லை.

உருப்படியான செட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, மெய் 18, குறிகள் ா ி ீ ெ ே ை என ஆறு. பிறகு உகர, ஊகார வரிசை. கு, து, பு மூன்றும் மூன்று விதமாக வளைவதால் இவற்றைக் குறி ஒட்டிச் செய்ய முடியாது. தனித்தனித் துண்டு வேண்டும். 36ல் ஙு, ஙூ, ஞு, ஞூ நான்கையும் விட்டால் 32. ‘டி’, ‘டீ’ இரண்டும் மற்ற எழுத்துகள் போலில்லாமல் தனி வடிவம் எடுப்பதால் அவை இரண்டு. கூட்டினால் 89. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி என்றால் இவ்வளவு.

ஒரு பிரதி போதாது. ‘தாத்தா’ எழுத இரண்டு ‘த’, ஒரு ‘த்’, இரண்டு துணைக்கால் வேண்டும். ‘மாமா’, ‘பாப்பா’ எல்லாமே அப்படித்தான். குழந்தை முதலில் எழுத ஆசைப்படும் சொற்கள் பெரும்பாலும் எழுத்து இரட்டிப்பவை. ஆகவே க, ச, ட, த, ப, ம, ர, ல ஆகியவற்றில் இரண்டு பிரதியும் துணைக்கால் நான்கும் உள்ள பெட்டியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ‘தாத்தா’ எழுத முடியுமா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் மீதியும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எழுத்தின் உருவத்திலேயே வெட்டிய துண்டுகளைவிடச் சதுரத் துண்டில் எழுத்து அச்சிட்டவை தமிழுக்குப் பொருந்தும். உருவமாக வெட்டினால் ‘ர’வும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடுதான். வெட்டும்போது அதுதான் முதலில் உடையும். ‘எ’, ‘ஏ’ இரண்டும் இதே கதி. ‘ப’வைத் தலைகீழாக ஒட்டினாலும் குழந்தைக்குத் தெரியாது. சதுரத்தின் அடியில் ஒரு கோடு போட்டிருந்தால் மேல் எது, கீழ் எது என்று புரியும்.

ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் வருகின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கெ’ என்று எழுத முதலில் கொம்பை வைக்க வேண்டும் என்பது நான்கு வயதுக்கு எளிதில் ஒப்பாத காரியம். அவர்கள் க-வை வைத்துவிட்டுக் கொம்பை வலப்பக்கம் வைப்பார்கள். திட்டாதீர்கள், காது சொன்னபடி கை செய்திருக்கிறது. கொம்பை எடுத்து முன்னால் வைத்துக் காட்டினால் போதும். நோட்டில் எழுதினால் அழித்து எழுத வேண்டியதைத் துண்டில் நகர்த்திச் சரிசெய்யலாம். எழுத்துத் துண்டுகளின் பெரிய லாபமே இதுதான். ொ, ோ இரண்டையும் இந்த மூன்றும் கைவந்த பிறகு எடுங்கள். ௌ இன்னும் தள்ளியிருக்கட்டும்.

நல்ல செட் கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையை நான்கு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கறுப்பு மார்க்கரில் எழுதிக்கொள்ளலாம். உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம், உயிர்மெய்க்கு ஒரு நிறம், குறிக்கு ஒரு நிறம். கடைப் பொருளில் இந்த நிறப் பிரிவு அரிது. அழகுக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். பிறகு குழந்தை ‘சிவப்பு எழுத்து’ என்றுதான் ‘க’வை நினைவில் வைத்துக்கொள்ளும்.

உப்புத்தாள் எழுத்தும் மணல் தட்டும்

இங்கே பார்க்கும் பொருட்களில் எனக்கு முதலிடம் இவற்றுக்குத்தான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வடிவமைத்த பொருட்களில் உப்புத்தாள் எழுத்து அட்டையும் ஒன்று. அவர் 1939ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதால் தமிழகத்தில் இந்த அட்டைகளுக்கு நீண்ட பழக்கம் உண்டு. தமிழ் எழுத்திலும் மாண்டிசோரிப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. வழவழப்பான பலகையில் சொரசொரப்பான எழுத்து. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து எழுதும் திசையில் தடவியபடியே ஒலியைச் சொல்ல வேண்டும். கண், விரல், காது மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. குழி போல விரலைக் கட்டிப்போடுவதில்லை. பாதை தவறினால் வழவழப்பு தட்டுப்பட்டு விரலுக்கே தெரிந்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: எழுத்து 10 முதல் 12 சென்டிமீட்டர் உயரம். இடப்பக்கம் மூன்று விரல் அகலம் வெற்றிடம், குழந்தை இடக்கையால் அட்டையை அழுத்திப் பிடிக்க. இடக்கைக் குழந்தைக்கு அட்டையை வலக்கையால் பிடிக்க வலப்பக்கமும் இடம் வேண்டும். உயிருக்கும் மெய்க்கும் அட்டை நிறம் வேறு. உப்புத்தாள் 120 அல்லது 150ஆம் எண்ணாக இருந்தால் இதமாக இருக்கும். 80ஆம் எண் மென்விரலை உரசிச் சிவக்க வைக்கும். அந்த வலிக்குப் பிறகு குழந்தை அட்டையைத் தொடாது. விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்பதுதான் இதில் வரும் வழக்கமான பழுது. ‘ஊ’, ‘ஔ’ போன்றவற்றில் சுழியின் உள்விளிம்பு முதலில் கிளம்பும்.

வீட்டிலேயே செய்யலாம். உப்புத்தாளின் பின்பக்கம் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைந்து வெட்டுங்கள். நேராக வரைந்து வெட்டினால் திருப்பி ஒட்டும்போது எழுத்து இடவலம் மாறிவிடும். பலர் செய்யும் தவறு இது. ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவி ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விட வேண்டும். கத்தரி மழுங்கிப்போகும், பழையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன், பொருளைவிட இதுதான் முக்கியம். ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று எழுத்து. அவை வடிவிலும் ஒலியிலும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். அ, ட, ம எடுக்கலாம். எ, ஏ சேர்த்து எடுக்கக்கூடாது. ல, ள, ழ சேர்த்து எடுக்கவே கூடாது. முதலில் தடவிக்காட்டி, ‘இது ம’ என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு ‘ம எங்கே, எடு’, ‘ட-வைத் தாத்தாவிடம் கொடு’ என்று விளையாட்டாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அது சரளமான பின்தான் ‘இது என்ன?’ என்ற கேள்வி. பெரியவர்கள் முதல் நிமிடத்திலேயே ‘இது என்ன, இது என்ன’ என்று கேட்பதால்தான் குழந்தை எழுத்தைக் கண்டால் ஓடுகிறது. ஐந்தாறு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

மணல் தட்டு நம்முடைய பழைய முறை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித்தான் தொடங்கினார்கள். இன்றும் விஜயதசமியன்று பச்சரிசி பரப்பிய தட்டில் விரலைப் பிடித்து ‘அ’ போட வைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஏடு தொடக்குதலிலும் அரிசிதான். எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தி, 1797ல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிக்கும் அவருடைய பள்ளி முறை இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

கடைகளில் மூடியோடு கூடிய மணல் தட்டுகள் விற்கிறார்கள். தனியாக வாங்கத் தேவையில்லை. ஏறத்தாழ 30க்கு 20 சென்டிமீட்டர் தட்டு, அடியில் கறுப்பு அல்லது நீலத் தாள், மேலே சலித்த மணல் அல்லது ரவை மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு. விரல் போன இடத்தில் அடித்தாள் பளிச்சென்று தெரிய வேண்டும். கனம் கூடினால் கோட்டின் இருபுறமும் மணல் சரிந்து எழுத்து மூடிக்கொள்ளும். ‘சரியாக வரவில்லை’ என்று குழந்தை சலித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். அரிசி மாவு விரலில் ஒட்டும், எறும்பும் வரும். உப்பு மழைக்காலத்தில் கட்டிதட்டும். தட்டை லேசாக உலுக்கினால் தப்பு அழிந்துவிடும், ரப்பர் தேய்த்த அழுக்குத் தடம் இல்லை. தப்பாகப் போட அஞ்சும் குழந்தைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை.

சார்ட்டும் பட அட்டையும்

சுவர் சார்ட் மலிவு, மாட்டிவைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. குழந்தையின் கண் மட்டத்தில் மாட்டுங்கள். நாற்காலியில் ஏறிப் பார்க்கும் உயரத்தில் மாட்டினால் அது பெரியவர்களுக்கான அலங்காரம்.

படத்தேர்வில்தான் பல சார்ட்டுகள் சறுக்குகின்றன. ‘ஓ’வுக்கு ஓடம் வரைந்திருக்கும், குழந்தை ‘படகு’ என்று சொல்லும். ‘உ’வுக்கு உரல், அடுக்குமாடி வீட்டுக் குழந்தை பார்த்திராத பொருள். ‘ஐ’க்கு ஐந்து என்ற எண்ணோ ஐந்து விரலோ இருந்தால் பரவாயில்லை. ங, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் நடுவில் வரும் சொல்லைத்தான் போட முடியும். ‘ண’வுக்குக் கிண்ணம், ‘ற’வுக்குப் பறவை, ‘ழ’வுக்குப் பழம், ‘ள’வுக்குப் பள்ளம் என்று எடுத்து, உரிய எழுத்தை மட்டும் வேறு நிறத்தில் காட்டியிருந்தால் தயாரித்தவருக்குப் பொருள் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ‘ங’வுக்குச் ‘சங்கு’ போட்டிருந்தால் உள்ளே இருப்பது ‘ங்’ என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பட அட்டையில் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இருந்தால் வாங்காதீர்கள். குழந்தை அணிலைப் பார்த்து ‘அ’ என்கிறது, எழுத்தைப் பார்ப்பதே இல்லை. படத்தைக் கையால் மறைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் படம் என்று வருபவையே சரி.

எழுத்துருவையும் பாருங்கள். தடித்தும் மெலிந்தும் வளையும் அலங்கார எழுத்துரு எழுதப் பழகும் குழந்தைக்கு ஆகாது. ஒரே கனமான கோட்டில் அச்சிட்டது வேண்டும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை இன்றைய வடிவில் உள்ளனவா என்றும் சரிபாருங்கள். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பழைய வளைந்த வடிவங்கள் நீங்கின. தாத்தா, பாட்டி பழைய துதிக்கை ‘லை’யில் எழுதிக் காட்டினால் அது தவறில்லை, அவர்கள் கற்ற வடிவம் அது. தொடக்கத்தில் குழந்தைக்கு ஒன்று போதும்.

புத்தகம், சிலேட்டு, திரை

மை மறையும் பேனாவோடு வரும் குழிவுப் புத்தகம் மரப்பலகையின் தம்பி. அதே குறை இதற்கும் உண்டு, குழியும் இன்னும் ஒல்லி. பேனாவில் மாட்டும் பிடிப்பான் சிலருக்கு உதவும், சின்னக் கைக்குப் பெரிதாக இருந்தால் கெடுக்கும். மை தீர்ந்ததும் மாற்று ரீஃபில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து வயதுக்கு முன் தேவையில்லை.

சாதாரணப் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். மாதிரி எழுத்து பக்கத்தின் உச்சியில் ஒன்றுதான் இருக்கிறதா, ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா? உச்சியில் மட்டும் இருந்தால் குழந்தை இரண்டாம் வரியை முதல் வரியில் தான் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதும். சின்னப் பிசகு கீழே வரவர வளர்ந்து, பத்தாம் வரியில் ‘இ’ வேறொன்றாகிவிடும். வரிக்கு வரி மாதிரி வேண்டும். இடக்கையால் எழுதும் குழந்தைக்கு மாதிரி வலப்பக்கமும் இருக்க வேண்டும், இடப்பக்கத்தில் இருப்பதை அதன் கையே மறைத்துவிடும். பெரிய கட்டத்தில் தொடங்கி, பிறகு இரட்டைக் கோடு நோட்டுக்குப் போகலாம். முக்கோணத் தடிப் பென்சில் பிடிக்க எளிது.

சிலேட்டு இன்னும் காலாவதியாகவில்லை. கல் சிலேட்டில் குச்சி உரசும் சொரசொரப்பு கைக்குக் கட்டுப்பாடு தரும். எல்சிடி பலகை வழுக்கும், கோடு ஒல்லி, ஒரு பொத்தானில் எல்லாம் அழிந்துவிடும். ஓர் எழுத்தை மட்டும் திருத்த முடியாது. சிலேட்டில் ஒரே சிக்கல், குழந்தை குச்சியைத் தின்பது. தொடர்ந்து தின்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

செயலிகளில் ஒலிதான் சோதனை. ழ, ள, ல மூன்றையும் அடுத்தடுத்து அழுத்திக் கேளுங்கள். ர, ற இரண்டையும் கேளுங்கள். இயந்திரக் குரல் ‘ழ’வை ‘ள’ என்று சொன்னால் அந்தச் செயலி வேண்டாம். வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு வீட்டுக்கு வெளியே தமிழ் காதில் விழுவது குறைவு, ஒலிக்குச் செயலியையே நம்பும் இடத்தில் இது இன்னும் முக்கியம். கண்ணாடித் திரையில் விரல் எங்கே போனாலும் ‘சபாஷ்’ சொல்லும் செயலியில் எழுதப் பழக முடியாது, அடையாளம் காணத்தான் பழகலாம். இரண்டு முதல் நான்கு வயதுக்கு மொத்தத் திரை நேரமே ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எந்த வரிசையில்

பொருள் எதுவானாலும் ‘அ’ முதல் ‘ஔ’ வரை முடித்துவிட்டுத்தான் ‘க’ என்று போக வேண்டியதில்லை. நேர்க்கோடு மிகுந்த எழுத்துகளான ட, ப, ம முதலில் வந்தால் கைக்கு எளிது. கூடவே புள்ளியும் துணைக்காலும் சேர்ந்தால் படம், பட்டம், மடம், பாடம், மாமா, பாப்பா என்று அதே வாரத்தில் வாசிக்கச் சொற்கள் கிடைத்துவிடும். ‘இ’யும் ‘ஐ’யும் வரைய மிகக் கடினம், அவற்றைக் கண்ணால் தெரிந்துகொண்டால் போதும், எழுதப் பிந்தட்டும். ‘எ’ நன்றாகப் பதிந்தபின் ‘ஏ’. ‘ல’ பதிந்து பல வாரம் கழித்து ‘ள’, அதன் பிறகு ‘ழ’. வரிசையை மாற்றி எடுக்க முடியாதபடி ஒட்டித் தைத்த புத்தகங்களைவிடத் தனித்தனி அட்டைகள் மேல் என்று சொல்வதற்கு இதுவும் காரணம்.

வாங்கும் நேரத்தில்

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். காந்த எழுத்தில் பின்னால் குண்டு காந்தம் பொருத்தியது வேண்டவே வேண்டாம். கழன்று விழுந்து இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சுவரை நசுக்கித் துளைத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். முழுத் தகடாகக் காந்தம் ஒட்டியதையே வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் துண்டு பெரிதாக இருக்க வேண்டும். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கும் துண்டு தொண்டையை அடைக்கக்கூடியது என்பது பொம்மைத் தரநிலைகளின் கணக்கு. எல்சிடி பலகையில் பொத்தான் மின்கல மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும், நகத்தால் திறக்க வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் பொசுக்கத் தொடங்கிவிடும்.

இணையத்தில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே எல்லாத் துண்டையும் தரையில் பரப்பி வரிசையாக எண்ணுங்கள். படத்தில் காட்டியதும் பெட்டிக்குள் வந்ததும் ஒன்றா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் ‘ழ’ இல்லை, ‘ற’ இரண்டு இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும்.